கிளாடிஸ் அடைகாத்த துப்பாக்கி

"என் துப்பாக்கியை ஒரு கோழி இருபத்தோரு நாள் அடைகாத்துச்சுய்யா" என்றார் வெர்லின் ஸ்டபிள்ஃபீல்ட். "கடைசி நாள் காதை வெச்சுக் கேக்கறேன், குழாய்க்குள்ளேர்ந்து டொக் டொக்குன்னு கொத்துற சத்தம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா அஞ்சு குட்டித் துப்பாக்கி பொரிச்சு, கீச் கீச்னு என் பின்னாடியே ஓடி வந்திருக்கும்."

டாய்ல் பிக்கார்ட் காப்பிக் கோப்பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. டில்லர்ஸ் பெண்ட் ஊருக்கு முப்பத்தொரு வருஷம் தபால் போட்டுவிட்டு ஓய்வு பெற்ற மனிதர். ஒட்டின உறையைக் கையில் தூக்கிப் பார்த்தே உள்ளே எத்தனை பொய் இருக்கிறது என்று எடை சொல்லிவிடுவார்.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறம் என்ன, அந்தக் கோழி புண்ணியத்துல ஜூவல் ப்ராதர்ட்டன் அம்மாவை ரெண்டு கையாலயும் கட்டிப்பிடிச்சேன். நாலு தடவை."

இப்போதுதான் டாய்ல் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இத பாரு வெர்லின். கோழி கதையை வேணும்னா நம்பித் தொலைக்கறேன். கோழிக்கு ஏது புத்தி, தபால் பெட்டியைக் குடுத்தாலும் அது மேல உக்காரும். ஆனா நீ ஒரு மனுஷப் பிறவியை ரெண்டு கையாலயும் பிடிச்சேன்னு சொல்றே பாரு, அது நடந்தே இருக்காது. உன் பொண்டாட்டி சாவுக்கு வந்தேனே, என்னை எப்படிப் பிடிச்சே? கதவிடுக்குல கை மாட்டிக்கிட்டவன் மாதிரி. அதை இன்னும் நான் மறக்கல."

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வெர்லினின் தீவனக் கடை, ஊர் நடுவில் இருக்கும் நாலு கடை வரிசையில் கடைசி. கோழித் தீவனம், குதிரைக்கு ஓட்ஸ், முள்கம்பிச் சுருள், டர்னிப் விதை, எலிப் பொறி. வசந்தம் வந்தால் தகரத் தொட்டிகளில் சிவப்பு விளக்கின் கீழ் முந்நூறு கோழிக்குஞ்சுகள். அவற்றின் கீச்சு மூன்று மைல் தள்ளி ஆற்றில் தூண்டில் போடுகிறவனுக்குக் கேட்கும். மீன்களுக்கும் கேட்கும், அதனால்தான் அந்தப் பருவத்தில் யாருக்கும் மீன் மாட்டுவதில்லை என்பது வெர்லினின் கட்சி.

அந்தக் கடையில் அவர் இருபத்தாறு வருஷம் வலது இடுப்பில், சட்டைக்கு அடியில், குட்டையான ஒரு ரிவால்வரை வைத்திருந்தார். கடை திறந்த அன்று மனைவி ஒனீடாதான் வாங்கிக் கொடுத்தாள். தினமும் காலையில் அவர் அதை உறையில் செருகிக்கொண்டதும் அவள் பின்னாலிருந்து சட்டையை இழுத்து மூடி, அந்த இடத்தில் இரண்டு தட்டு தட்டுவாள். "போய்யா, ஒண்ணும் தெரியல" என்பாள். அவ்வளவுதான் வழியனுப்பு. அந்தத் துப்பாக்கி இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு தடவை வெடித்தது, கிடங்கில் ஒரு பாம்பைப் பார்த்து. குண்டு பாம்பைவிட்டு எட்டடி தள்ளிப் போனது. பாம்பு சிரித்துச் சிரித்தே செத்தது என்று வெர்லின் சொல்வார்.

அனுமதிச் சீட்டு பர்ஸில் பத்திரமாக இருந்தது. ஊரில் பாதிப் பேர் பர்ஸில் அது இருந்தது. யார் இடுப்பில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்பது, அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்பது மாதிரி. ஆனால் ஆர்கன்சா மாநிலத்தின் இந்தப் பக்கத்தில் மனிதர்கள் பார்த்த இடத்தில் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். தேவாலய வாசலில், ஏலத்தில், மளிகைக் கடை வரிசையில். இடுப்பில் ஆயுதம் வைத்திருப்பவன் அப்போது என்ன செய்வான்? வலது முழங்கையை வேலிக்கால் மாதிரி இறக்கிக்கொள்வான், உடம்பைப் பக்கவாட்டில் திருப்புவான், இடது கையால் மட்டும் முதுகில் ஒரு தட்டு. எதிராளியின் கை இடுப்புப் பக்கம் இறங்குவதற்குள் விலகிவிடுவான். அந்தப் பழக்கம் வெர்லினுக்கு எலும்பில் ஊறிவிட்டது.

ஒனீடா செத்து நாலு வருஷம் ஆகிறது. அடக்கத்துக்கு எண்ணூறு பேர் வந்தார்கள். ஊர் ஜனத்தொகை முந்நூற்றுப் பன்னிரண்டு. எண்ணூறு பேரும் அவரைக் கட்டிப்பிடித்தார்கள், ஒருவர்கூடச் சரியாகப் பிடிக்கவில்லை. அன்றைக்கும் துப்பாக்கி இடுப்பில் இருந்தது. அதில்லாமல் வெளியே போனால் ஒனீடா கோபித்துக்கொள்வாள் என்று அன்றைக்குப் போய் நினைத்தார். வந்தவர்கள் எல்லாம் வெர்லினைத் தொட்டால் பிடிக்காது போலிருக்கிறது, விட்டுவிடுங்கள் பாவம், என்று பேசிக்கொண்டார்கள். விட்டும்விட்டார்கள். நல்ல ஜனங்கள், சொன்ன சொல் மாறாதவர்கள்.

அப்புறம் காலையில் சட்டையை அவரே இழுத்து மூடிக்கொண்டார். அவரே இரண்டு தட்டு தட்டிக்கொண்டார். கண்ணாடியைப் பார்த்து, "போய்யா, ஒண்ணும் தெரியல" என்று அவரே சொல்லிக்கொண்டு கடைக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து, சோள ரொட்டியை மோரில் பிய்த்துப் போட்டுத் தின்றுகொண்டே தொலைக்காட்சியில் வானிலை பார்ப்பார். மூன்று மாநிலத்து வானிலையையும் பார்ப்பார். ஓக்லஹோமாவில் ஆலங்கட்டி மழை என்றால் கவலைப்படுவார். வேறு யாருக்காகக் கவலைப்படுவது?

ஆக, கடைதான் எல்லாம். கடை இருக்கும்வரை "வெர்லின், சோளம் வந்தாச்சா?" என்று கேட்க ஜனங்களுக்கு ஒரு காரணம் இருந்தது. கடை போனால் அவரிடம் பேச ஊரில் யாருக்கும் காரணம் இருக்காது. இதைச் சத்தம் போட்டு அவர் சொன்னதில்லை. ஆனால் கதவைப் பூட்டுகிற ஒவ்வொரு சாயங்காலமும் நினைத்துக்கொண்டார்.

அந்தக் கடை வரிசையை இந்தக் குளிர்காலத்தில் ஜூவல் ப்ராதர்ட்டன் அம்மாள் வாங்கினாள். அறுபத்தெட்டு வயது, விதவை, ஆறடி உயரம், கைப்பை ஒன்று கன்றுக்குட்டி அளவில். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எல்லாருக்கும் புது வாடகை ஒப்பந்தம் என்றாள். அதில் பதினாலாவது விதி: கடை, கிடங்கு, கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம், இவற்றில் எங்கேயும் குத்தகைதாரரோ வேலையாட்களோ வாடிக்கையாளரோ துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, வெளியே தெரியும்படியும் கூடாது, ஒளித்தும் கூடாது. இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கிறார்களாம். கதவுக்குக் கதவு அறிவிப்பும் ஒட்டிவிட்டாள். சர்க்கார் கொடுத்த அனுமதிச் சீட்டைக் காட்டி என்ன பிரயோஜனம்? வாடகைக் கட்டடத்துக்குள் சர்க்கார் அந்த அம்மாள்தான்.

மார்ச் மாதம் திங்கட்கிழமை தோறும் வந்து பார்ப்பேன், துப்பாக்கி தட்டுப்பட்டால் ஒப்பந்தம் கிடையாது என்றும் சொன்னாள். ஒருத்தர் உடம்பைச் சோதனை போட அவளுக்கு உரிமை கிடையாது. ஆனால் கட்டிப்பிடிக்க இந்த ஊரில் யாருக்கும் உரிமை உண்டு.

"வா கண்ணு" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வருவாள். அந்த அம்மாள் பிடித்தால் பிடிதான். மாவட்டத் தலைநகரில் ஒரு பாங்கு மேனேஜருக்கு இருபது வருஷக் கூன் அந்தப் பிடியில் நிமிர்ந்துபோனதாகப் பேச்சு. பிடிக்கும்போதே ஒரு உள்ளங்கை முதுகிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு, சப்பாத்து வரைக்கும் ஒரு சுற்று போய் வந்துவிடும். மார்ச் முதல் திங்கள், காலை ஒன்பதரைக்கு, சலவைக் கடை ராய்ஸை அப்படித்தான் பிடித்தாள். பத்தே காலுக்கு ராய்ஸ் கையில் காலி செய்யும் நோட்டீஸ்.

ராய்ஸ் நடைபாதையில் நின்று கத்தியது தீவனக் கடை வரை கேட்டது. வெர்லின் எட்டிப் பார்த்தார். ஜூவல் அம்மாள் இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தாள்.

யோசிக்க நாற்பது அடி நேரம்தான் இருந்தது. வண்டியில் வைத்துப் பூட்டலாம் என்றால் வண்டி நிற்கிற இடமும் பதினாலாவது விதிக்குள். இழுப்பறையில் போடலாம் என்றால், கூரை ஒழுகுகிறதா பார்க்கிறேன் என்று இழுப்பறையைத் திறந்து பார்க்கிற அம்மாள் அவள். வெர்லின் ஐந்து தோட்டாவையும் உதறி டர்னிப் விதை டப்பாவில் போட்டார். (அப்புறம் தேடியதில் நாலுதான் கிடைத்தது. ஐந்தாவதைப் பாதிரியார் வீட்டில் விதைத்துவிட்டார்களோ என்னவோ, இன்னும் முளைக்கவில்லை.) காலித் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றினார். கண்ணில் பட்டது கிளாடிஸ்.

கிளாடிஸ் ஒனீடாவின் கோழி. ஐந்து வருஷத்துக்கு முன்னால், பண்ணையிலிருந்து தபாலில் அனுப்பிய, நூறு குஞ்சு இருக்க வேண்டிய பெட்டியில் நூற்றியொன்றாக வந்தது. அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்ததே டாய்ல்தான். ஒனீடா அதை விற்கவில்லை. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட இறகு, கண்ணில் சதா ஒரு புகார். ஒவ்வொரு வசந்தத்திலும் அதற்கு அடைக்காய்ச்சல் வரும். சேவல் இல்லாத கோழிக்கு என்ன பொரியும்? கல்லாப் பக்கத்துப் பழப் பெட்டியில், வைக்கோல் மேல், இரண்டு வெள்ளைக் கதவுக் குமிழ்களை முட்டையென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வெர்லின் துப்பாக்கியை அதற்கு அடியில் திணித்தார். கிளாடிஸ் எழுந்து பார்த்தது. தலையைச் சாய்த்து இடது கண்ணால் ஒரு தரம், வலது கண்ணால் ஒரு தரம். பிறகு அலகால் அதைத் தன் பக்கம் இழுத்து, நெஞ்சுக்கு அடியில் உருட்டிக்கொண்டு, ஒரு பெருமூச்சோடு உட்கார்ந்தது.

கதவு மணி அடித்தது.

"வா கண்ணு."

வெர்லினுக்குப் பழக்கம் விடவில்லை. முழங்கை இறங்கியது, உடம்பு பக்கவாட்டில் திரும்பியது.

"என்ன இது, கேட் கதவைத் திறந்து விடற மாதிரி?" என்றாள் ஜூவல் அம்மாள். "முழுசா வாங்க. நான் என்ன மாட்டு வியாபாரியா?"

முழுசாகத்தான் வந்தாக வேண்டும். வெர்லின் இரண்டு கையையும் தூக்கினார். நாலு வருஷமாக அவர் வலது விலாவை மனிதக் கை எதுவும் தொட்டதில்லை. சட்டை தொட்டிருக்கிறது, உறையின் தோல் தொட்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த அம்மாளின் கழுத்திலிருந்து கைக்களிம்பு வாசம் வந்தது. அவள் காதுத் தொங்கட்டான் அவர் கன்னத்தில் சில்லென்று பட்டது. உள்ளங்கை இடுப்புக்கு இறங்கியது, ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு தட்டு தட்டியது. இரண்டாவது தட்டுக்கு வெர்லின் காத்திருந்தார். அது வரவில்லை.

"சுத்தம்" என்றாள் அவள். "கூரை ஒழுகுதா?"

"ஒழுகலம்மா" என்றார் வெர்லின். கண்தான் ஒழுகிவிடும் போலிருந்தது. தவிட்டுத் தூசி என்று துடைத்துக்கொண்டார்.

அவள் போனதும் பெட்டிக்குள் கையை விட்டார். கிளாடிஸ் கட்டை விரலில் கொத்திய கொத்தில் ரத்தம் மூன்று அடி உயரத்துக்குப் பீய்ச்சியது என்பார்; ஒரு சொட்டு வந்தது நிஜம். இரண்டாம் தரமும் கையை விட்டார். மறுபடி கொத்து. "சரிடி, வெச்சுக்கோ" என்று விட்டுவிட்டார்.

அவர் தலைக்கு நேர் மேலே தடித் தோல் கையுறைகள் ஆணி ஆணியாகத் தொங்கின. முப்பத்தாறு ஜோடி. காட்டுப் பன்னி கடித்தாலும் உள்ளே இறங்காது என்று அவரே அவற்றை விற்பவர்.

மறுநாள் நடையே கோணிக்கொண்டது. வலது பக்கம் கனம் இல்லாததால் இடது பக்கமாகவே போனார். தபால் நிலையத்துக்குக் கிளம்பி முடிவெட்டும் கடைக்குள் போய் நின்றார். காலையில் சட்டையை இழுத்து மூடுவார், தட்டப் போவார், கை எலும்பில் படும். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் பாடகர் குழு கிழவி ஒருத்தி, ஊர் வழக்கப்படி அவரைச் சும்மா தலையாட்டிக் கடந்து போகப் பார்த்தாள். வெர்லின் இரண்டு கையையும் விரித்தார். கிழவி பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாருக்கோ என்று நினைத்து. அவர் கையை இறக்கிக்கொண்டார்.

ஆகவே திங்கட்கிழமைதான் மிச்சம்.

இரண்டாவது திங்கள் காலையில் முகச்சவரம் செய்தார். மூன்றாவது திங்கள் சட்டைக்கு இஸ்திரி போட்டார். நாலு வருஷமாக இஸ்திரிப்பெட்டியை எங்கே வைத்தாள் ஒனீடா என்று தெரியாமல், தேடி, துணிக்கூடைக்கு அடியில் கண்டுபிடித்தார். ஒன்பது மணியிலிருந்தே கதவு மணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜூவல் அம்மாள் வந்தாள், பிடித்தாள், தட்டினாள், "சுத்தம்" என்றாள், போனாள். மொத்தம் பத்து நொடி. அந்தப் பத்து நொடியை வைத்துக்கொண்டு வெர்லின் ஒரு வாரம் குடித்தனம் நடத்தினார்.

சில சமயம் மத்தியானத்தில் கடையில் ஆள் இல்லாதபோது, பழப் பெட்டிப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கிளாடிஸோடு பேசினார்.

"எப்படிடி இருக்கு?"

கிளாடிஸ் இறகைச் சிலிர்த்துக்கொண்டது.

"பொரிக்காதுடி அது. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

கிளாடிஸுக்கு அதைப் பற்றிக் கவலை இருப்பதாகத் தெரியவில்லை.

நாலாவது திங்கள் ஜூவல் அம்மாள் கையை விரிக்காமல் வந்தாள். இரண்டு கையிலும் ஒப்பந்தக் காகிதம். கல்லாவில் பரப்பினாள், கண்ணாடியை மாட்டினாள், பேனாவைத் திறந்தாள். வெர்லின் கையெழுத்துப் போட்டார். இனி அவள் போட வேண்டியதுதான் பாக்கி. பேனா காகிதத்துக்கு அரை அங்குலம் மேலே இருக்கும்போது அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தக் கோழி எத்தனை நாளா உக்காந்திருக்கு? நான் வர்றப்பல்லாம் உக்காந்திருக்கே."

"அது… மூணு வாரம் இருக்கும்மா."

"மூணு வாரம்னா இன்னிக்கு நேத்து பொரிச்சிருக்கணுமே. அடியில என்ன வெச்சீங்க?"

"கதவுக் குமிழ்."

"பாவம், அதை எடுத்துட்டு ரெண்டு குஞ்சை வைங்க. எங்கப்பா கோழிப் பண்ணையில நான் எத்தனை செஞ்சிருக்கேன்." சொல்லிக்கொண்டே போய்விட்டாள். வெர்லின் "அம்மா, கொத்தும்" என்றார். "எல்லாரையும் கொத்தாது கண்ணு, முன்னாடியிலேர்ந்து வந்தாத்தான் கொத்தும்" என்றாள். பின்பக்கமாக, உள்ளங்கை மேலே பார்க்க, வைக்கோலோடு வைக்கோலாகக் கையை நுழைத்தாள். கிளாடிஸ், அந்தத் துரோகி, கண்ணை மூடிக்கொண்டது.

ஜூவல் அம்மாளின் கை நின்றது. முந்நூறு குஞ்சுகளும் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டன என்று வெர்லின் சத்தியம் செய்வார்.

"இது சூடா இருக்கு" என்றாள் அவள்.

"இருபத்தோரு நாள் ஆச்சேம்மா."

அவள் கையை எடுக்கவில்லை. "என்னை ஏமாத்தியிருக்கீங்க."

"ஆமாம்மா."

"ராய்ஸ் அது கைபேசின்னான். என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னான். அதுக்குத்தான் நோட்டீஸ் குடுத்தேன். நீங்க மூணு திங்கக்கிழமை ஏமாத்தியிருக்கீங்க."

"முதல் திங்கக்கிழமை ஏமாத்தினேன்" என்றார் வெர்லின். கல்லாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "மத்த ரெண்டும் ஏமாத்தலைம்மா. அங்க பாருங்க, முப்பத்தாறு ஜோடி கையுறை தொங்குது. ஒண்ணை மாட்டிக்கிட்டு அன்னிக்கே எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். எடுக்கல."

"ஏன்?"

"எடுத்தா இடுப்புல மாட்டிடுவேன். இருபத்தாறு வருஷப் பழக்கம். மாட்டினா உங்களைக் கேட் கதவு மாதிரி பிடிக்கணும். திங்கக்கிழமை வருதுன்னு நான் சட்டைக்கு இஸ்திரி போட்டேம்மா."

ஜூவல் அம்மாள் மெதுவாகக் கையை வெளியே எடுத்தாள். கையில் ஒன்றுமில்லை. வைக்கோல் மட்டும் ஒட்டியிருந்தது. அதை ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

"வாரத்துக்கு நாப்பது பேரைக் கட்டிப்பிடிக்கறேன்" என்றாள். "எல்லாரும் வேலிக்கால் மாதிரி நிக்கறாங்க. எப்படா விடுவான்னு எண்ணிட்டே நிக்கறாங்க, எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. நீங்க ஒருத்தர்தான் நான் விட்டப்புறம் விட்டீங்க. இந்தாளுக்கு என்ன ஆச்சுன்னு காருல போறப்ப யோசிப்பேன்."

கல்லாவுக்கு வந்து பேனாவை எடுத்தாள்.

"இன்னிக்குக் கடை மூடறப்ப அது வீட்டுக்குப் போகணும். மறுபடி இந்தக் கூரைக்குக் கீழ வரக் கூடாது, கோழிக்கு அடியிலயும் சரி, குதிரைக்கு அடியிலயும் சரி."

"வராதும்மா."

"நான் கையை விட்டுப் பாத்தேன். ரெண்டு கதவுக் குமிழ் இருந்துச்சு." கையெழுத்துப் போட்டாள். கடை இன்னும் ஐந்து வருஷத்துக்கு வெர்லினுடையது.

காகிதத்தை மடித்தாள், கைப்பையில் போட்டாள். "அவ்வளவுதான் கண்ணு. சோதனை முடிஞ்சுது. இனிமே ஜூன்லதான் இந்தப் பக்கம்."

கடை கிடைத்த சந்தோஷம் வெர்லினின் நெஞ்சில் பாதி வழி ஏறி, அந்த "ஜூன்" என்ற சொல்லில் இடறி உட்கார்ந்துவிட்டது. அவள் கதவுப் பிடியில் கை வைத்திருந்தாள். வெர்லின் கல்லாவைச் சுற்றிக்கொண்டு, ஓட்ஸ் மூட்டையைத் தாண்டிக்கொண்டு, எழுபத்திரண்டு வயது முழங்கால் அனுமதிக்கும் வேகத்தில் போனார். முதல் மூன்று தடவையும் அவள் பிடித்தாள். நாலாவது தடவை இவர் பிடித்தார். அவள் கை இடுப்புக்கு இறங்கவில்லை, தேட ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். முதுகிலேயே இருந்தது.

பிறகு கார் போய்விட்டது. கடையில் அவரும் குஞ்சுகளும்.

சாயங்காலம் கிளாடிஸின் பின்பக்கமாக, உள்ளங்கை மேலே பார்க்க, கையை நுழைத்தார். அது கொத்தவில்லை. துப்பாக்கி முட்டை மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய், இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மறுநாள் காலையில் சட்டையை இழுத்து மூடி இரண்டு தட்டு தட்டி, "போய்யா, ஒண்ணும் தெரியல" என்றார். இடுப்பிலும் இல்லாமல், கோழிக்கு அடியிலும் இல்லாமல், முதல் தடவையாக அது முழு உண்மையாக இருந்தது. கடைக்கு வந்தார். காப்பி போட்டார். டாய்ல் வந்தார்.

"உன் பொண்டாட்டி சாவுக்கு வந்தேனே, இன்னும் நான் மறக்கல" என்று டாய்ல் சொல்லி முடித்த இடத்தில்தான் நிற்கிறோம்.

"அப்ப நம்ப மாட்டே?" என்றார் வெர்லின்.

"மாட்டேன். கோழி வேணா சரி. அந்தம்மா வேணா சரி, ஊரையே பிடிக்கற அம்மா. நீ பிடிச்சேன்னு சொல்றது மட்டும் சுத்தப் பொய். பைபிள் மேல கை வெச்சாலும் நம்ப மாட்டேன்."

"எழுந்திரு."

"எதுக்கு?"

"எழுந்திருய்யா சும்மா."

டாய்ல் எழுந்தார். கல்யாணம் ஆகாதவர். ஊருக்கெல்லாம் முப்பத்தொரு வருஷம் கடிதம் கொடுத்தவர், தன் பெட்டியில் தானே போட்டுக்கொண்டது விதைக் கம்பெனி விளம்பரம் மட்டும். கதவில் ஒட்டிய அறிவிப்பைத் தினமும் தாண்டி வந்து காப்பி குடிப்பவர். வெர்லின் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்ததும் டாய்லின் வலது முழங்கை தானாக இறங்கியது, உடம்பு தானாகப் பக்கவாட்டில் திரும்பியது.

வெர்லினுக்கு அந்த முழங்கையை நன்றாகத் தெரியும். அது தன்னுடையதே. அதையும் சேர்த்தே பிடித்தார்.

"யோவ், விடு. யாராவது வரப் போறாங்க" என்றார் டாய்ல்.

"வரட்டும்."

"எனக்கு இடுப்புல…"

"தெரியுது. குத்துது. நாளைக்கு வீட்ல வெச்சுட்டு வா. இந்தக் கூரைக்குக் கீழ கூடாதுன்னு அந்தம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். இப்ப பேசாம நில்லு."

டாய்ல் நின்றார். காப்பி ஆறியது. பழப் பெட்டியில் கிளாடிஸ் கதவுக் குமிழை உருட்டி, இது அது இல்லை என்று கண்டுபிடித்து, மறுபடி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து நொடி ஆயிற்று, பத்து ஆயிற்று. ஒன்றரை மணி நேரம் என்பார் வெர்லின். அவர் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த முழங்கை துருப்பிடித்த கீல் மாதிரி ஒவ்வொரு அங்குலமாக மேலே ஏறியது. ஒரு கை முதுகில் வந்தது. அப்புறம் இன்னொரு கை.

"சரிய்யா" என்றார் டாய்ல், வெர்லினின் தோளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டே. "நடந்துதான் இருக்கு."